130/650 நியூட்டோனியனுக்கு வீட்டில் வெட்டும் பாஹ்டினோவ் மாஸ்க்: பிளவு அகலம், அட்டை, நகராத நடுக்கோடு

இரவுக்கூரை:

நட்சத்திரத்தைக் கூர்மையாக ஃபோகஸ் செய்யக் குழாயின் வாயில் மாட்டும் பிளவுத் தகடுதான் பாஹ்டினோவ் மாஸ்க். அதன் வழியே நட்சத்திரம் X ஆகவும் நடுவில் ஒரு கோடாகவும் தெரியும், கோடு X இன் நடுவில் நின்றால் ஃபோகஸ் சரி. அதை வீட்டில் வெட்டிப் பார்த்தேன். தொலைநோக்கி 130 மி.மீ. நியூட்டோனியன் (ஆடி வகை), குவியத் தொலைவு 650 மி.மீ., எஃப்/5. கேமரா டிஎஸ்எல்ஆர், பிக்சல் சுமார் 4 மைக்ரான். மாஸ்க் வார்ப்புரு தரும் இணைய ஜெனரேட்டரில் எண்களைக் கொடுத்தால் பிளவு 2.17 மி.மீ., பட்டை 2.17 மி.மீ. என்று வார்ப்புரு வருகிறது. கறுப்பு சார்ட் அட்டையில் கட்டரால் வெட்டியதில் பட்டைகள் நெளிந்து, சில அறுந்தும் போயின.

அதையே மாட்டிப் பார்த்தால் X தெரிகிறது, நடுவில் ஒரு கோடும் தெரிகிறது. ஆனால் ஃபோகஸைத் திருப்பினாலும் அந்த நடுக்கோடு நகர்ந்த மாதிரியே இல்லை. நடுவில் இருக்கிறது என்று நம்பி எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் தடித்து விழுகின்றன.

கேள்விகள்: பிளவை அகலமாக வைத்துக்கொள்ளலாமா? எந்தப் பொருளில் வெட்டினால் நிற்கும்? வியாழனுக்கு இதே மாஸ்க் உதவுமா?

கீற்றணி:

தாராளமாக அகலப்படுத்தலாம். ஜெனரேட்டர் சொல்வது வேதவாக்கு இல்லை. அது குவியத் தொலைவை 150 ஆல் வகுத்து, ஒரு பிளவும் ஒரு பட்டையும் சேர்ந்த அகலத்தைத் தருகிறது. 650 / 150 = 4.33, அதில் பாதி 2.17. அந்த 150 என்பது வசதிக்காக வைத்த எண்தான்.

அது எதைத் தீர்மானிக்கிறது என்று பார்த்தால் பயம் போய்விடும். மாஸ்க் என்பது ஒரு விளிம்பு விளைவுக் கீற்றணி, அதாவது ஒளியை வளைத்துப் பிரிக்கும் சீரான பிளவுகளின் வரிசை. நட்சத்திரத்தின் இருபுறமும் முதல் வரிசை நிறமாலை விழும் தூரம் = குவியத் தொலைவு × அலைநீளம் ÷ கீற்றணி இடைவெளி. இடைவெளியை குவியத் தொலைவு / 150 என்று வைத்தால் குவியத் தொலைவு அடிபட்டுப்போய் 150 × 0.55 மைக்ரான், அதாவது 82 மைக்ரான் மிஞ்சும். உங்கள் கேமராவில் சுமார் 20 பிக்சல். 100 ஆல் வகுத்தால் 55 மைக்ரான், சுமார் 14 பிக்சல். லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு இது தாராளம்.

ஆக 650 / 100 = 6.5 மி.மீ. பிளவு 3.25, பட்டை 3.25. கையால் வெட்ட முடிகிற அளவு. அரை வட்டத்தில் 20 பிளவுகள் வரை கிடைக்கும், கால் வட்டங்களில் பத்துப் பத்து. கோடு மெல்லியதாக வர அது போதும்.

இன்னும் அகலமாக வேண்டுமென்றால் மூன்றாம் வரிசை மாஸ்க் என்று ஒன்று உண்டு. 4.33 ஐ மூன்றால் பெருக்கி 13 மி.மீ. இடைவெளி, பிளவு 6.5. இதில் 82 மைக்ரான் தூரத்தில் விழுவது மூன்றாம் வரிசை. ஆனால் அதன் வெளிச்சம் முதல் வரிசையில் ஒன்பதில் ஒரு பங்குதான், கால் வட்டத்தில் ஐந்து பிளவுகள்தான் மிஞ்சும். மிகப் பிரகாசமான நட்சத்திரம் இல்லாமல் பயன்படாது. 130 மி.மீ. குழாய்க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளவும் பட்டையும் ஒரே அகலமாக இருந்தால் இரண்டாம் வரிசை மறைந்துவிடும், படம் சுத்தமாக இருக்கும். கொஞ்சம் பிசகினால் குடிமுழுகாது. இடைவெளி மட்டும் சீராக இருக்கவேண்டும். ஒரு பிளவு 3, அடுத்தது 3.5 என்று போனால் பாதகமில்லை. இரண்டின் மையங்களுக்கு நடுவே 6.5 மாறாமல் இருந்தால் சரி.

வரையும் முறை: 130 மி.மீ. வட்டம், அதில் செங்குத்தாக ஒரு விட்டம். இடப்பாதியில் பிளவுகள் கிடைமட்டம். வலப்பாதியை நடுவே கிடைமட்டக் கோட்டால் இரண்டாக்கி, மேல் கால்வட்டத்தில் பிளவுகளை 20 டிகிரி சாய்த்தும் கீழ்க் கால்வட்டத்தில் கண்ணாடிப் பிம்பமாக எதிர்ப்புறம் 20 டிகிரி சாய்த்தும் வரையுங்கள். 15 முதல் 25 வரை எந்தக் கோணமும் ஒத்துவரும், இரண்டும் சமமாக இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிரிக்கும் கோடுகளின் மேல் 3 மி.மீ. அகலத்துக்கு வெட்டாமல் விடுங்கள். இரண்டாம் ஆடியின் நிழல் விழும் நடு வட்டத்தில் பிளவே தேவையில்லை. அங்கே முழுத் தகடாக விட்டால் மாஸ்க்குக்கு முதுகெலும்பு கிடைத்த மாதிரி.

சன்போர்டு:

கணக்கு சரி. ஆனாலும் கையால் நாற்பது பிளவு வெட்டச் சொல்வது கொடுமை. பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் லேசர் கட்டிங் இருக்கிறது. 3 மி.மீ. கறுப்பு அக்ரிலிக்கில் 2.17 பிளவே சுத்தமாக வரும்.

கடைக்குப் போகுமுன் ஒன்றைக் கவனியுங்கள். ஜெனரேட்டர் தரும் எஸ்விஜி கோப்பை சில மென்பொருள்கள் அங்குலத்துக்கு 96 புள்ளி என்றும் சில 72 என்றும் எடுத்துக்கொள்ளும். விளைவு: மாஸ்க் நாலில் மூணு பங்காகச் சுருங்கியோ அதே விகிதத்தில் வீங்கியோ வரும். கோப்பிலேயே 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றைப் போட்டு, கடைக்காரரின் கோரல்டிராவில் அதன் நீளத்தைப் பார்த்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். வீட்டில் பிரிண்ட் எடுப்பவர்களுக்கும் இதுதான். 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை நிறுத்தி 100 சதவீதத்தில் அச்சிட்டு ஸ்கேல் வைத்து அளக்கவேண்டும்.

கையால்தான் என்றால் சார்ட் அட்டை வேண்டாம். பனி இறங்கினால் அப்பளம் மாதிரி வளையும். கறுப்பு பிளாஸ்டிக் ஃபைல் அட்டை, அல்லது 3 மி.மீ. சன்போர்டு எடுங்கள். ஃபைல் அட்டை சிலது கறுப்பாகத் தெரிந்தாலும் வெளிச்சம் கசியும், டார்ச் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். கட்டரில் புது பிளேடு, இரும்பு ஸ்கேல். ஒரே அழுத்தில் அறுக்காமல் மூன்று நான்கு முறை லேசாக இழுக்கவும். முதலில் எல்லாப் பிளவுகளின் நீளப் பக்கங்கள், குறுக்கு முனைகள் கடைசியில். முனையை முதலில் அறுத்துவிட்டால் துண்டு நகர்ந்து அடுத்த கீறல் கோணும். உங்கள் பட்டைகள் அறுந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

வெள்ளை ஃபோம் போர்டில் வெட்டி ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். வெட்டிய விளிம்பில் உள்ளே இருக்கும் நுரையை அந்தக் கரைப்பான் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் போஸ்டர் கலர் போதும். எம்டிஎஃப் என்றால் வார்னிஷ் இரண்டு கோட், இல்லாவிட்டால் ஈரத்தில் உப்பும்.

3டி பிரிண்ட் எடுப்பவர்களுக்கு: பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளகும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். பெட்ஜி என்ற பிளாஸ்டிக் மேல். 220 மி.மீ. தட்டு உள்ள இயந்திரத்தில் உங்கள் மாஸ்க் அடங்கும். 8 அங்குலக் குழாய்க்கு இரண்டு பாதியாக எடுத்து ஒட்டவேண்டியிருக்கும். முதல் அடுக்கு பிதுங்கிப் பிளவைக் குறுக்கினால் பிளேடால் சீவிவிடுங்கள்.

பொருத்த, மாஸ்க்கின் உட்பக்கம் மூன்று சன்போர்டு துண்டுகளைக் குழாயின் உள்விளிம்பைத் தொடும்படி ஒட்டி, ஃபெல்ட் துணி சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் கழற்றும்போது நட்சத்திரம் சட்டத்தை விட்டே போய்விடும். ஓரத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்று தொங்கட்டும். மாஸ்க்கோடு ஒரு மணி நேரம் படம் பிடிக்காதவர் இந்தப் பொழுதுபோக்கில் குறைவு.

சுவாதி19:

பொருள், அளவு எல்லாம் பேசியாகிவிட்டது. ஆனால் தடித்த நட்சத்திரத்துக்குக் காரணம் வேறு. நடுக்கோடு நகரவில்லை என்கிறாரே, அங்கேதான் விஷயம். அவர் பார்த்தது மாஸ்க்கின் கோடே அல்ல என்பது என் ஊகம்.

நியூட்டோனியனில் இரண்டாம் ஆடியைத் தாங்கும் நான்கு தகடுகள் தாங்களாகவே ஒரு கூட்டல்குறிக் கீற்றை உண்டாக்கும். மாஸ்க்கின் பிளவுகள் அந்தத் தகடுகளுக்கு இணையாக அமைந்துவிட்டால் மாஸ்க்கின் நடுக்கோடும் தகட்டின் கீற்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஃபோகஸ் விலகும்போது மாஸ்க் கோடு ஒருபக்கமாக ஒதுங்கும். தகட்டுக் கீற்று அப்படி ஒதுங்காது, இரண்டாகப் பிளந்து இருபுறமும் சமமாக விரியும். எனவே அது எப்போதும் நடுவில் இருப்பதாகவே தோன்றும். அதை நம்பினால் எல்லா ஃபோகஸும் சரியான ஃபோகஸ்தான்!

சோதனை எளிது. மாஸ்க்கைக் குழாயின் வாயில் சுழற்றுங்கள். கூடவே சுழல்வது மாஸ்க்கின் கோடு, அப்படியே நிற்பது தகட்டுக் கீற்று. பிறகு பிளவுகள் தகடுகளுக்கு 45 டிகிரியில் இருக்கும்படி நிறுத்துங்கள். மாஸ்க்கின் மூன்று கோடுகள் 25, 45, 65 டிகிரியிலும் தகட்டுக் கீற்றுகள் 0, 90 டிகிரியிலும் விழும், குழப்பம் தீர்ந்தது. ஃபோக்கசரை ஒரு திசையில் மெல்லத் திருப்பி, கோடு X இன் சந்திப்பைத் தாண்டி மறுபக்கம் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

அதற்குப் பிறகும் தடித்தால் வரிசையாகப் பார்க்கவேண்டியவை: ஃபோக்கசரின் பூட்டுத் திருகை இறுக்கும்போதே குழாய் சற்று நகரும், இறுக்கிய பிறகு மாஸ்க்கில் இன்னொரு முறை பாருங்கள். ஃபில்டரைக் கழற்றி ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு போட்டால், 2 மி.மீ. கண்ணாடி குவியத்தை ஏறக்குறைய 0.7 மி.மீ. தள்ளிவிடும். எஃப்/5 இல் பிழைக்கு இடம் இருபுறமும் 0.03 மி.மீ. கூட இல்லை. குளிர்வதும் கணக்கில் வரும்: 650 மி.மீ. இரும்புக் குழாய் 5 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.04 மி.மீ. சுருங்கும். மாலையில் வைத்த ஃபோகஸ் நள்ளிரவில் இருக்காது.

நட்சத்திரம் உயரத்தில் இருக்கட்டும். அகத்தியர் (கனோபஸ்) எவ்வளவு பிரகாசமானாலும் சென்னையில் உச்சத்திலேயே சுமார் 24 டிகிரிதான் ஏறும். காற்று நிறங்களைப் பிரித்து, கோடுகளைக் கலைத்துவிடும். சுவாதியும் திருவாதிரையும் நம் தலைக்கு மேல் வருபவை. நட்சத்திரத்தைச் சட்டத்தின் நடுவில் வையுங்கள், ஓரத்தில் நியூட்டோனியனின் கோமா (நட்சத்திரம் வால் விட்டு இழுபடும் குறை) ஏமாற்றும்.

வியாழன்: நேராக உதவாது. மாஸ்க்குக்குப் புள்ளி ஒளி வேண்டும். 40 விகலை (ஆர்க் செகண்ட்) அகல வியாழன் உங்கள் சென்சாரில் 126 மைக்ரான் வட்டமாக விழும், 55 மைக்ரான் தூரத்துக் கோடுகள் அதற்குள்ளேயே மூழ்கிவிடும். வியாழனை வெளுக்கவிட்டு அதன் நிலவு ஒன்றை வைத்து ஃபோகஸ் செய்யலாம். உருவைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் போடுவதாக இருந்தால் போட்ட பிறகு. சூரியனுக்கு மட்டும் இந்தப் பக்கமே வராதீர்கள், மாஸ்க் எந்த வகையிலும் சூரிய வடிகட்டி இல்லை.

இரவுக்கூரை:

சுழற்றிப் பார்த்தேன். நின்றது கூட்டல்குறியின் ஒரு கைதான், மாஸ்க் கோடு அதன் அடியில் மங்கலாக ஒளிந்திருந்தது. 3.25 இல் ஃபைல் அட்டையில் மறுபடி வெட்டப்போகிறேன். இதே கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்கும் ஒன்று செய்ய முடியுமா?

கீற்றணி:

150 ஆல் வகுத்தால் இடைவெளி 0.33 மி.மீ. கட்டர், லேசர் இரண்டும் கைவிரிக்கும். இங்கேதான் மூன்றாம் வரிசை கைகொடுக்கும்: இடைவெளி 1 மி.மீ., பிளவு 0.5. ஓஎச்பி ஷீட்டில் அச்சிடுங்கள். லேசர் பிரிண்டர் என்றால் அதற்கென்றே விற்கும் ஷீட்தான், சாதாரண பிளாஸ்டிக் உள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும். கறுப்பு வெளிறி வந்தால் டோனர் அடர்த்தியைக் கூட்டுங்கள். இரண்டு ஷீட்டை மேலே மேலே வைத்தால் பிளவுகள் பொருந்தாது. ஷீட்டை அட்டை வளையத்தில் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி லென்ஸ் முன் வையுங்கள். கோடு நடுவுக்கு வந்ததும் ஃபோகஸ் வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வளையம் மூச்சு விட்டாலே நகரும்.