கசடா, வண்டலா, பிரையா?

வணக்கம் நண்பர்களே,

சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் தொட்டியில் கழிவைத் தின்று வாழும் நுண்ணுயிர்த் திரளை ஆங்கிலத்தில் 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இங்கே இதுவரை வந்த பரிந்துரைகள்: கிளர்வுற்ற கசடு, செயலூட்டிய கசடு, முடுக்கிய கசடு. முன்னொட்டு எதுவானாலும் எனக்கு நெருடுவது 'கசடு'தான். கசடு என்றால் கழித்துக்கட்ட வேண்டியது. இதுவோ தொட்டியில் சாகவிடாமல் காப்பாற்ற வேண்டிய பொருள்.

இது பிறந்த விதத்திலேயே பெயரும் இருக்கிறது. 1914இல் இங்கிலாந்தில் மான்செஸ்டரின் டேவிஹூம் கழிவுநீர் நிலையத்தில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடை நீரைப் புட்டிகளில் நிரப்பிக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். முதல் தடவை நீர் சுத்தமாக, அதாவது அதிலிருந்த அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக மாற, ஏறத்தாழ ஐந்து வாரம் ஆனது. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் படிந்ததைக் கொட்டாமல் அதன்மேலேயே புதுச் சாக்கடை நீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்ய, கடைசியில் ஒரே நாளில் வேலை முடிந்தது.

நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுகிறோமே, அதேதான்! இன்றும் தெளிவுத்தொட்டியில் படிந்ததில் ஒரு பங்கைப் பம்பு வைத்துக் காற்றூட்டும் தொட்டிக்கே திருப்புகிறார்கள். புது நிலையம் தொடங்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து ஊற்றுவதும் உண்டு. பக்கத்து வீட்டில் மோர் வாங்கிவருகிற கதை. அதுவும் கிடைக்காத ஊரில் சாணமும் வெல்லமும் கரைத்து விடுவார்கள்.

சரி, 'உறைவண்டல்' எனலாமா? நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். அப்புறம் அடித்துவிட்டேன். உறைநிலை, உறைபனி என்று பழகிய கண்ணுக்கு அது பனிக்கட்டியாகத் தெரியும். படிகாரம் போட்டு நீரைத் தெளியவைப்பதையும் சிலர் 'உறைதல்' என்கிறார்கள். ஒரே துறைக்குள் இரண்டு உறை தாங்காது. உறைமோருக்கே பிரை என்று இன்னொரு பெயர் உண்டு. எனவே என் பரிந்துரை: பிரைவண்டல். ஆறு கொண்டுவந்து படியவைப்பதை வண்டல் என்கிறோம், அதில் இழிவு இல்லை. மிகுந்துபோய் வெளியே எடுத்துக் காயவைப்பதைக் கசடு என்றே சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதுதான் இப்போதைய குழப்பம்.

"பொதுமக்களுக்கு இது புரிய வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டும். கழிவை நேரே ஆற்றில் விட்டாலும் இதே நுண்ணுயிர்கள்தான் தின்னும். ஆனால் ஆற்று நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியைச் செலவழித்துத் தின்னும், மீன் மூச்சுமுட்டிச் சாகும். அந்தச் சாப்பாட்டை ஆற்றுக்கு வெளியே, நாம் ஊதும் காற்றில் முடித்துவிடுவதுதான் நிலையத்தின் வேலை.

எங்கள் பக்கத்துச் சிற்றூர் நிலையத்தில் சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். நிலையத்தை இயக்குபவர் ஒரு லிட்டர் அளவுக்குவளையில் தொட்டி நீரைப் பிடித்துவைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பழுப்பாய்ப் பஞ்சு பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்தது. அரை மணியில் எவ்வளவு படிகிறது என்பதுதான் கணக்கு. அவர்கள் வாயில் இதற்குப் பெயர் 'கல்ச்சர்'. பிரை என்றேன்.

"தயிர்ப் பிரையா சார்?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "போன வாரம் ரெண்டு நாள் கரன்ட் இல்ல. பிரை செத்துப்போச்சு."