டியர்டிராப் டிரெய்லர்: விடிந்தால் கூரையெல்லாம் தண்ணீர். ஒழுகலா, வேறு ஏதாவதா?

மேல்மலைவாசி:
கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் இருக்கிறேன். நானே கட்டிய டியர்டிராப் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற, கண்ணீர்த்துளி வடிவப் படுக்கை வண்டி) ஒன்று வைத்திருக்கிறேன். 8 அடி நீளம், 5 அடி அகலம், உள்ளே 4 அடி உயரம். முன்னால் படுக்கை, பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. இழுப்பது பொலிரோ. சேசிஸைப் பதிவு எண்ணோடுதான் வாங்கினேன். நிறுத்துவது மச்சானின் பட்டா நிலத்தில், பூண்டுக் காட்டு ஓரமாக. வனத்துறை இடத்தில் கால் வைப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு அந்தப் பக்கம் போகாது.

பக்கச் சுவர் 12 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்). கூரையில், சுவருக்குச் சுவர் குறுக்கே முக்கால் இஞ்ச் இரும்புச் சதுரக் குழாய், ஒன்றரை அடிக்கு ஒன்று. இடையில் தெர்மோகோல். உள்பக்கம் 4 மி.மீ. பிளை, வெளியே அலுமினியத் தகடு.

மார்கழி பிறந்ததிலிருந்து ஒரே தொல்லை. இரவு நானும் வீட்டுக்காரியும் படுத்தால் விடியற்காலையில் கூரையிலிருந்து மூஞ்சியில் சொட்டுகிறது. வெளியே தகடு இணைப்பெல்லாம் சிலிக்கான் அடித்துப் பார்த்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. மழை நாளில் அடுப்படித் தட்டும் நனைகிறது. மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்புப் புள்ளி, பூசண வாடை.

அடுத்து செய்ய நினைத்திருப்பது: கூரை முழுக்க வாட்டர்ப்ரூஃப் பூச்சு, உள்ளே சின்ன காஸ் ஹீட்டர், அப்புறம் அடுப்படிக்குக் கீழே 50 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. எதை முதலில் எடுப்பது?

கோத்தகிரி தச்சன்:
தம்பி, பூச்சு டப்பாவை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மழையே இல்லாத இரவிலும் சொட்டுகிறதா? சொட்டு கூரையில் எந்த இடத்தில் நிற்கிறது? அங்கங்கே சிதறியா, ஒரே இடத்திலா? டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மேல்மலைவாசி:
அண்ணே, இன்று ஐந்து மணிக்கே எழுந்து பார்த்தேன். நேற்று இரவு மழை இல்லை, வானம் பளிச்சென்று நட்சத்திரம். பொலிரோ கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. கூரையில் சொட்டுகள் கோடு போட்ட மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை அடி. வரிசைக்குள்ளேயே, திருகு இறங்கிய இடங்களில் மட்டும் சொட்டு பெரியது. அந்தத் திருகுத் தலையைச் சுற்றிப் பிளை தேத்தண்ணி நிறத்தில் கறை பிடித்திருக்கிறது. வரிசைக்கு வரிசை நடுவில் தொட்டால் ஈரம் இல்லை.

கோத்தகிரி தச்சன்:
அப்படியானால் அது மழைத் தண்ணீர் இல்லை. கூரையில் நுழைகிற மழைத் தண்ணீர் பள்ளம் தேடி ஒரு மூலைக்குத்தான் ஓடும், ஒன்றரை அடிக்கு ஒரு கோடு போடாது. உங்கள் இரும்புக் குழாய் எங்கே இருக்கிறதோ அங்கே சொட்டுகிறது. உங்கள் இருவர் மூச்சுதான் அது.

இந்த வடிவம் 1930களில் அமெரிக்காவில் வந்தது. 8-க்கு 4 பலகையை அதிகம் வீணாக்காமல் வெட்டினால் கிடைக்கும் அளவு. அங்கே வீட்டில் செய்தவர்கள் குறுக்குச் சட்டத்துக்குப் பெரும்பாலும் மரம்தான் போட்டார்கள். நம் ஊர் வெல்டிங் பட்டறைக்குப் போனால் எல்லாவற்றுக்கும் சதுரக் குழாய்தான் வரும்.

கோவை ஏசி மெக்கானிக்:
தச்சரண்ணா சொன்னது சரிங்க. கணக்கோடு சொல்றேன், பாருங்க.

உங்க டிரெய்லருக்குள்ள இருக்கிற காற்று, அந்த வளைவைக் கழிச்சா, சுமார் 4 கன மீட்டர். 15 டிகிரியில ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 13 கிராம் ஈரம்தான் தாங்கும். ஆக உள்ள இருக்கிற மொத்தக் காற்றும் தாங்கறது ஐம்பது கிராம் சொச்சம். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினா மூச்சிலயும் தோல்லயும் வெளியே விடற ஈரம் அரை லிட்டருக்கு மேல. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தா மிச்சம் எங்க போகும்? உள்ள இருக்கிறதுல எது ரொம்பக் குளிர்ந்திருக்கோ அங்க போய் ஒட்டும். இரும்பு தெர்மோகோலை விட ஆயிரம் மடங்குக்கு மேல வெப்பத்தைக் கடத்தும். வெளியே தகட்டுல இருக்கிற குளிர், குழாய் வழியா நேரா உங்க தலைக்கு மேல வந்து நிக்குது. திருகு இருக்கிற இடத்துல அது இன்னும் அதிகம்.

சந்தேகம் இருந்தா ஒரு சோதனை. உறைபனி விழற ராத்திரியா பார்த்து, யாரும் படுக்காம வண்டியைப் பூட்டி வைங்க. காலையில கூரை காஞ்சிருந்தா, சொட்டறது உங்க மூச்சு ஈரம்தான்னு அர்த்தம்.

மேல்மலைவாசி:
செய்துவிடுகிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை. இங்கே பல நாள் மஞ்சு இறங்கி, பத்தடி தள்ளி இருக்கிற மரம் தெரியாது. அந்த ஈரக்காற்றை ஜன்னல் திறந்து உள்ளே விட்டால் இன்னும் மோசமாகாதா?

கோவை ஏசி மெக்கானிக்:
எல்லாரும் கேட்கிற கேள்விங்க. ஆகாது. 5 டிகிரி மஞ்சுக் காற்று முழுக்க ஈரமா இருந்தாலும் ஒரு கன மீட்டர்ல இருக்கிறது 7 கிராம்தான். அது உள்ள வந்து 15 டிகிரிக்குச் சூடானா 13 வரைக்கும் தாங்கும். அதாவது இன்னும் 6 கிராமைத் தூக்கிட்டு வெளியே போக இடம் இருக்கு. உங்க மூச்சு ஈரம் மணிக்கு அறுபது கிராம் சொச்சம். அப்போ மணிக்குப் பத்து கன மீட்டர் காற்று மாறினா போதும். கம்ப்யூட்டர்ல வர்ற 120 மி.மீ. ஃபேன் இதைப் போல பல மடங்கு தள்ளும். அதனால ரெகுலேட்டர் வச்சு மெதுவா ஓட விடுங்க. முழு வேகத்துலயே ராத்திரி முழுக்க ஓடினாலும் 12 வோல்ட் பேட்டரியில இரண்டு ஆம்பியர்-மணி அளவுக்குத்தான் இழுக்கும்.

ஃபேன் மேல, வெளியே தள்ளற மாதிரி. காற்று நுழையறதுக்குக் கீழே, கால்மாட்டுல ஒரு வழி. மேல மட்டும் திறந்து கீழே அடைச்சு வச்சா ஃபேன் சும்மா சுத்தும்.

பழனிமலைப் பயணி:
இவ்வளவு கணக்கு எதற்கு? ஒரு சட்டியில் கரி போட்டு உள்ளே வைத்தால் சூடு, ஈரம் இரண்டும் தீர்ந்தது. எங்கள் தாத்தா காலத்தில் அப்படித்தான்.

குன்னூர் தோட்டத்து வீடு:
தயவுசெய்து அந்த யோசனையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாத்தா வீட்டில் ஓட்டுக்கு இடையில் சந்து இருந்தது, கதவு முழுசாக மூடாது. இது 4 கன மீட்டர் பெட்டி. கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாடையும் இல்லை நிறமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் அதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்கு எழுந்திருக்கத் தோன்றாது. கொடைக்கானலிலேயே அறைக்குள் கரி அடுப்போடு தூங்கியவர்கள் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள்.

மேல்மலைவாசி தம்பி, காஸ் ஹீட்டரும் வேண்டாம். அதே ஆபத்து அதிலும் உண்டு. போதாததற்கு ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். சொட்டுகிற கூரைக்குக் கீழே வைத்து இன்னும் தண்ணீர் காய்ச்சுகிற வேலை அது. சூடு கட்டாயம் வேண்டுமென்றால், புகையை வெளியே தள்ளி, எரிவதற்கான காற்றையும் வெளியிலிருந்தே இழுக்கிற டீசல் ஹீட்டர். அதை வைத்தாலும் உள்ளே ஒரு மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வெந்நீர்ப் பையும் கனத்த கம்பளியும்தான், குன்னூர்க் குளிருக்குப் போதும். மன்னவனூருக்கு இரண்டு பை.

மேல்மலைவாசி:
காஸ் யோசனையைக் கைவிட்டேன் அக்கா. வீட்டுக்காரி உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஹீட்டரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

காலி வண்டிச் சோதனை முடிந்தது. நல்ல உறைபனி, கூரை சுத்தமாகக் காய்ந்திருந்தது. இனி குழாயை என்ன செய்வது? பிரித்துவிட்டு மரம் போடவா?

கோத்தகிரி தச்சன்:
என்னைக் கேட்டால் பிரிப்பதுதான் முறை. உள் பிளையைக் கழற்றி, இரும்பை எடுத்துவிட்டு நல்ல மரச் சட்டம். ஒரு தடவை வேலை, பிறகு தொல்லை இல்லை.

கோவை ஏசி மெக்கானிக்:
அண்ணா, அதுக்குக் கூரைத் தகட்டையே கழற்றணும். கழற்றினா சீல் எல்லாம் போச்சு. நான் சொல்றது: ஏசி டக்ட்டுக்கு ஒட்டுவோமே, கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட், 13 மி.மீ. அதை உள் பிளைக்குக் கீழே முழுக்க, குழாய் இடம், காலி இடம்னு பார்க்காம ஒரே விரிப்பா ஒட்டிடுங்க. ஈரம் ஊடுருவாது. இணைப்புகளுக்கு அதே ரப்பர் டேப். மேல துணியோ மெல்லிசு பிளையோ ஒட்டிக்கலாம். எதையும் திருகு போட்டு இரும்போட பிடிக்காதீங்க, திருகு போட்டா மறுபடியும் சொட்டு அங்கேயே வரும். கோயமுத்தூர்ல ஏசி சாமான் விக்கிற கடைகள்ல ரோலாவும் கிடைக்கும், மீட்டர் கணக்குலயும் வெட்டித் தருவாங்க.

கோத்தகிரி தச்சன்:
ஒட்டுவது என்றால் ஒன்று. இப்போது அந்த பிளையும் உள்ளே இருக்கிற தெர்மோகோலும் ஈரம் குடித்திருக்கும். அப்படியே மூடினால் உள்ளேயே அழுகும். ஒட்டுவதற்கு முன் வரிசைக்கு ஒன்றாகத் துளை போட்டு, தை மாசி வெயிலில் கதவைத் திறந்துபோட்டுக் காய விடுங்கள். கறை பிடித்த இடத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி சுலபமாக இறங்கினால் அந்த பிளை போய்விட்டது, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

மெத்தைக்கும் இதே வைத்தியம். நீங்கள் பலகை மேல் நேராக ஸ்பாஞ்சு மெத்தையைப் போட்டிருப்பீர்கள். பேக்கிங் பெட்டி மரத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ரீப்பர் சட்டம் அடித்து அதன் மேல் மெத்தை. அடியில் காற்று ஓடட்டும். ரப்பர் போட்ட தேங்காய் நார் மெத்தையாக மாற்றினால் இன்னும் நல்லது.

அடுப்படித் தட்டு வேறு கதை. அது மழை நாளில் மட்டும் நனைகிறது, அதனால் நிஜமான ஒழுகல். செய்தித்தாளைப் பட்டையாக வெட்டி, பின்கதவு பீடிங்கில் (விளிம்பு ரப்பர் பட்டையில்) வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தொடவில்லை. அப்புறம் உள்பக்க விளிம்பு முழுக்க கோலமாவு தூவி, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் ஹோஸில் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். மேலே முதலில் அடித்தால் எங்கே நுழைந்தது என்றே தெரியாது. மாவில் கோடு விழும் இடம்தான் ஓட்டை.

வத்தலக்குண்டு டிரைவர்:
எல்லாரும் கூரையைப் பார்க்கிறீங்க. நான் தொட்டியைப் பார்க்கிறேன். அடுப்படி பின்னால்தானே? இப்போதே அங்கே சிலிண்டர், தண்ணி கேன், சாமான் எல்லாம் இருக்கும். வத்தலக்குண்டு தாண்டி சமவெளியில் வேகம் எடுத்தால் வண்டி வாலை ஆட்டுதா இல்லையா?

மேல்மலைவாசி:
ஆட்டும் அண்ணே. அறுபதைத் தாண்டினால் ஆட்டும். டயர் காற்று என்று நினைத்திருந்தேன்.

வத்தலக்குண்டு டிரைவர்:
காற்று இல்லை, பாரம். டிரெய்லர் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம், பொலிரோவோடு மாட்டுகிற கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் வால் ஆடும். குளியலறை எடை மிஷினை ஒரு கட்டை மேல் வைத்து, கொக்கி உயரத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் டிரெய்லர் மூக்கை இறக்கிப் பாருங்க. கொக்கியிலிருந்து சக்கர அச்சு எவ்வளவு தூரம், தொட்டி அச்சுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் என்றும் அளந்து சொல்லுங்க.

மேல்மலைவாசி:
மொத்தம் 450 கிலோ, மூக்கில் 28. கொக்கி–அச்சு 8 அடி. தொட்டிக்கு நினைத்த இடம் அச்சுக்கு 3 அடி பின்னால்.

வத்தலக்குண்டு டிரைவர்:
28 என்றால் ஆறு சதவீதம்தான். 50 லிட்டரை 3 அடி பின்னால் வைத்தால் மூக்கில் இன்னும் 19 கிலோ குறையும், கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. அந்த வண்டியோடு மலை இறங்கக் கூடாது. தொட்டியை அச்சுக்கு 2 அடி முன்னால், படுக்கைக்கு அடியில் வையுங்க, குழாயை மட்டும் பின்னால் இழுத்துக்கலாம். 20 லிட்டர் கேனையும் எடுத்துடுங்க. தொட்டி பாதி காலியாக இருந்தால் தண்ணி அலம்பும், அதனால் இறங்கும்போது நிறைத்து வையுங்க, இல்லை சுத்தமாகக் காலி பண்ணுங்க. தனி பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால், ஏறின கியரிலேயே இறங்குங்க. கீழே வந்து பிரேக் வாடை அடித்தால் கியர் பெரிசு என்று அர்த்தம்.

மேல்மலைவாசி:
தாமதத்துக்கு மன்னிக்கவும், பூண்டு வேலை நெருக்கிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

கோலமாவுச் சோதனையில் பீடிங் தப்பித்தது. கோடு விழுந்தது மேலே, பின்கதவுக் கீலின் இரண்டு முனைகளில். கீலுக்கு அடியில் தண்ணீர் நுழைந்து, சுவரோடு இறங்கித் தட்டுக்கு வருகிறது. பழைய லாரி டியூபைப் பட்டையாக வெட்டி, கீல் முழுவதையும் மூடி, மேல் விளிம்பை மட்டும் தகட்டோடு பட்டி வைத்துப் பிடித்தேன். முனைகளில் இரண்டு இஞ்ச் தாண்டித் தொங்குகிறது. அதன் பிறகு ஹோஸ் அடித்தால் மாவு உலர்ந்தே இருக்கிறது.

கூரை காய்ந்து ரப்பர் ஒட்டியாயிற்று. ஓர் இடத்தில் ஊசி இறங்கியது, அந்தத் துண்டை மாற்றினேன். ஃபேன் மேலே, காற்று வழி கால்மாட்டில். ஜன்னல் கண்ணாடியில் மட்டும் காலையில் கொஞ்சம் ஈரம், துடைத்தால் போகிறது. தொட்டி முன்னால் போய்விட்டது. மூக்கு எடை இப்போது 49, மொத்தம் 480.

கடைசியாக ஒன்று. சோலாருக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கியிருக்கிறேன். வெளியே மூக்குப் பெட்டியில் வைக்கலாமா?

கோவை ஏசி மெக்கானிக்:
வேண்டாங்க. பூஜ்யத்துக்குக் கீழே அந்த செல்லைச் சார்ஜ் பண்ணக் கூடாது, கெட்டுடும். உறைபனி நாள்ல வெயில் வந்ததும் பேனல் வேலை செய்ய ஆரம்பிச்சிடும், பெட்டி இன்னும் ஜில்லுன்னு இருக்கும். படுக்கைக்கு அடியில, தொட்டிக்குப் பக்கத்துல தடுப்பு வச்சு வைங்க. பிஎம்எஸ்ல (பேட்டரியைக் காக்கிற சர்க்யூட்) குளிர்ல சார்ஜை நிறுத்தற வசதி இருக்கான்னு பில் போட்ட கடையில கேட்டுக்கோங்க.

வத்தலக்குண்டு டிரைவர்:
பேட்டரியும் அச்சுக்கு முன்னால்தானே வருது? அப்போ வைத்த பிறகு மூக்கை இன்னொரு தடவை எடை போடுங்க. பொலிரோ கொக்கி எவ்வளவு தாங்கும் என்று அதன் தகட்டிலேயே அடித்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்க.