‘உடலளாவிய அழற்சி’ – ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

‘சிஸ்டமிக் இன்ஃபிளமேஷன்’ என்பதற்கு இந்தக் குழுவில் தமிழ் கேட்டிருந்தேன். அழற்சி, அதாவது தாக்குதலுக்கு உடல் காட்டும் எதிர்வினை, ஓர் உறுப்போடு நிற்காமல் உடல் முழுவதும் பரவும் நிலை அது. காற்று மாசு பற்றிய கையேட்டின் முதல் வரைவில் அதை ‘முறையான அழற்சி’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த அக்கா பென்சிலால் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: “அப்படியானால் முறையற்ற அழற்சி எது?” அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைத்தது என் பிழை. அதற்குப் பிறகுதான் இங்கே கேட்டேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

> ‘மண்டல அழற்சி’ எனலாமே. மண்டலம் ஏற்கெனவே பாடநூலில் உள்ள சொல்.

பாடநூலில் இருப்பதுதான் ஐயா இங்கே சிக்கல். நரம்பு மண்டலம், செரிமான மண்டலம் என்று படித்து வந்தவர், ‘மண்டல அழற்சி’ என்றால் ஏதோ ஒரு மண்டலத்தில் வந்த அழற்சி என்றே கொள்வார். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர் அது. மண்டலத்துக்கு இலங்கையில் வழங்கும் ‘தொகுதி’க்கும் இதே இடர் உண்டு.

> ‘நுரையீரல் தாண்டிய அழற்சி’ – காற்று மாசுக்கு இது பொருந்தும்.

அழகான தொடர். ஆனால் அது வேறு கருத்து. முதுகெலும்பில் வரும் காசநோய் நுரையீரலைத் தாண்டியது. அதனாலேயே அது உடல் முழுவதும் பரவியது என்று ஆகிவிடாது. இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்.

சொல்லைத் தேர்வதற்கு முன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 30இல் ஒரு பங்கு. மூக்கு மயிரும் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். இது நழுவிக் காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே விழுங்கு செல்கள் அதை விழுங்கப் பார்த்து, முடியாமல், இன்டர்லூக்கின்-6 போன்ற வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. அந்தச் செய்தி ரத்தத்தில் ஏறிக் கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அழற்சியின் அடையாளமான சி-ரியாக்டிவ் புரதத்தையும் ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜெனையும் கூடுதலாகச் சுரக்கிறது. கல்லீரலுக்குள் புகையே போகவில்லை, ஆனாலும் அது பதில் சொல்கிறது. ரத்தம் எளிதில் உறையும் நிலைக்கு வருகிறது, தமனியின் உட்சுவர் புண்படுகிறது. மாசு மிகுந்த நாட்களில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னும் நுண்ணிய துகள்கள் தாமே ரத்தத்துக்குள் கடக்கின்றன. எடின்பரோ பல்கலைக்கழகக் குழுவின் 2017 ஆய்வு என் மனத்தை விட்டுப் போகவில்லை. தன்னார்வலர்களைத் தங்கத்தின் நேனோ துகள்களைச் சுவாசிக்கச் செய்தார்கள். சிலருக்கு 15 நிமிடத்திலேயே ரத்தத்தில் தங்கம் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் உடலில் அது இருந்தது. பக்கவாத அபாயம் உள்ளவர்களின் கழுத்துத் தமனியிலிருந்து அறுவை செய்து எடுத்த கொழுப்புப் படிவிலும் தங்கம் இருந்தது. 2019இல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார் நச்சுக்கொடியில், அதுவும் சிசுவின் பக்கத்தில், கரித்துகளைக் கண்டார்கள். ஒரு மூச்சுகூடத் தானாக விடாத குழந்தை! இந்தக் கடத்தலுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘இடப்பெயர்வு’ என்றால் வேறு துயரங்கள் நினைவுக்கு வரும். ‘துகள் கடப்பு’ போதும் என்று நினைக்கிறேன். அதைத் தனி மடலில் பேசுவோம்.

> ‘நாடு தழுவிய’ என்கிறோம். அதுபோல ‘உடல் தழுவிய அழற்சி’?

எனக்கு வழி காட்டியது இந்தப் பரிந்துரைதான். வேலைநிறுத்தம் நாட்டைத் தழுவும்போது யாரும் கட்டிப்பிடிப்பதாக நினைப்பதில்லை. ஆனால் ‘உடல்’ என்று வந்ததும் ‘தழுவிய’ தன் முதற்பொருளுக்கே திரும்பிவிடுகிறது. நோயாளியின் கையில் போகிற கையேட்டில் அது இடறும்.

அதே அச்சில் ‘உலகளாவிய’ இருக்கிறதே. ‘அளாவு’ என்றால் எட்டித் தொடுவது (வானளாவிய), கலப்பதும்கூட (அளவளாவு). இங்கே நடப்பதும் இவ்விரண்டும்தான்: ரத்தத்தில் கலக்கிறது, எல்லா உறுப்பையும் எட்டுகிறது. ஆகவே உடலளாவிய அழற்சி. அழற்சியோடு நிற்காமல் உடலளாவிய பாதிப்பு, உடலளாவிய நோய், உடலளாவிய மருந்து என்றும் நீட்டலாம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

“புகையைத் தொடர்ந்து சுவாசிப்பது நுரையீரலோடு முடிவதில்லை, அது உடலளாவிய அழற்சியைத் தூண்டி இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றையும் பாதிக்கிறது.”

வாய்விட்டுப் படித்தபோது எங்கும் தடுக்கவில்லை. ‘இருமல் இல்லை, அதனால் புகை என்னை ஒன்றும் செய்யவில்லை’ என்று நம்புகிறவர்களை இந்த வரி எட்ட வேண்டும் என்பதே என் ஆசை.

ஒரு ஐயம் மட்டும் மிச்சம். ‘சிஸ்டமிக் சர்க்குலேஷன்’ (ரத்தம் இதயத்திலிருந்து உடலெங்கும் போய்த் திரும்பும் சுற்று) என்பதை ‘உடலளாவிய சுற்றோட்டம்’ ஆக்கலாமா, அல்லது வழக்கிலுள்ள ‘உடல் சுற்றோட்டம்’ அப்படியே இருக்கட்டுமா? உடலியங்கியல் கற்பிப்பவர்கள் சொல்ல வேண்டும். வரைவு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்.