கம்பியைத் தொட்டாலும் உறுமல் அடங்கவில்லை, பிக்அப் மூன்றையும் மாற்றணுமா?

காசிமேடு கிட்டார்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையில் ஆராதனைக்கு கிட்டார் வாசிக்கிறேன். கையில் இருப்பது ஸ்ட்ராட் மாடல் எலக்ட்ரிக் கிட்டார், கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்அப் மூன்று, மூன்றும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்), செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இரண்டு வருஷம் ஒரு தொல்லையும் இல்லை.

இப்போது ஆம்பில் செருகியதுமே ‘உம்ம்ம்’ என்று உறுமுகிறது. முன்பெல்லாம் கம்பியில் கை வைத்தால் அடங்கிவிடும். இப்போது வைத்தாலும் எடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் கேபிள் செருகும் இடத்து ஸ்டீல் தகட்டைத் தொட்டால் பாதியாகக் குறைகிறது. வீட்டிலும் சபையிலும் இதே கதை. வால்யூமைத் திருகினால் எண்ணெயில் வடகம் போட்ட மாதிரி பொரிகிறது.

கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், “மூணு பிக்அப்பும் போயிடுச்சு, மொத்தமா மாத்திடலாம்” என்றார்கள். சொன்ன தொகைக்கு இந்த கிட்டாரையே இன்னொன்று வாங்கலாம்.

இன்னொன்று, சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. போன வாரம் வீட்டில் கேபிள் பிளக்கைக் கையில் பிடித்தபடி மைக்கில் பாடினேன். உதட்டில் சுள்ளென்று அடித்தது.

எண்ணூர் ஸ்லைடு:

சிங்கிள் காயில் என்றால் உறுமத்தான் செய்யும் ப்ரோ. 1955இலேயே கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் என்பவர் இதற்காகத்தானே ஹம்பக்கர் பிக்அப் செய்தார். இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்தால் கரண்ட் சத்தம் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். ஒரு ஹம்பக்கர் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பெரம்பூர் ரேடியோ:

ஹம்பக்கர் அப்புறம் பார்க்கலாம். தம்பி, நீ கடைசியில் போகிற போக்கில் சொன்னாயே, அதுதான் முதல் விஷயம். அதைச் சரி செய்யும்வரை வீட்டில் மைக்கையும் கிட்டாரையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதே.

நான் முப்பத்தெட்டு வருஷம் ரேடியோ, டிவி, ஆம்ப்ளிஃபயர் பார்த்தவன். டிசம்பர் வந்தால் இங்கே ரயில்வே குடியிருப்புகளிலிருந்து ஆங்கிலோ இந்தியப் பையன்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கிறிஸ்துமஸ் டான்சுக்கு வாசிக்க. நூறு கிட்டார் வந்தால் பிக்அப் செத்தது இரண்டோ மூன்றோதான் இருக்கும். மற்றதெல்லாம் கேபிள் செருகும் ஜாக், திருகுகிற கண்ட்ரோல், விட்டுப்போன ஈயப் பற்று. தலைமுடி மாதிரியான செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி வைத்திருக்கிறான், அதற்குள் ஓடித் தேயும் பாகம் எதுவும் இல்லை. மூன்றும் ஒரே வாரத்தில் போச்சு என்று ஒருவர் சொன்னால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடு.

நீ சொன்ன அடையாளத்திலேயே விடை இருக்கிறது. தகட்டைத் தொட்டால் குறைகிறது, கம்பியைத் தொட்டால் குறையவில்லை. அப்படியென்றால் ஜாக் வரைக்கும் எர்த் வருகிறது, கம்பிக்குப் போகவில்லை. கிட்டாரின் முதுகில் ஆறு ஸ்குரூ போட்ட பிளாஸ்டிக் மூடி இருக்கும். திறந்தால் ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடித்திருக்கும் இரும்பு நகம் தெரியும். வால்யூம் கண்ட்ரோலின் முதுகிலிருந்து ஒரு ஒயர் மரத்துக்குள் புகுந்து அந்த நகத்தில்தான் வந்து சேரும். அதைப் பார். காசிமேட்டுக் காற்றில் சைக்கிள் ஹேண்டில்பாரே ஒரு வருஷம் தாங்காது, இது எம்மாத்திரம்.

ஆனால் ஒயரை இப்போதே ஒட்டிவிடாதே. அது அறுந்திருப்பதால்தான் இத்தனை நாள் கம்பியில் ஷாக் வாங்காமல் தப்பித்திருக்கிறாய். ஒட்டினால் ஆறு கம்பியும் ஆம்பின் உடம்போடு சேர்ந்துவிடும், உன் பத்து விரலும் அதன் மேல்தான் இருக்கும், வாய் மைக்கில். ஆம்பை எதில் செருகுகிறாய்?

காசிமேடு கிட்டார்:

ஐயா, ஆம்ப் எக்ஸ்டென்ஷன் பாக்சில். பாக்சில் மூன்று ஓட்டை இருக்கிறது, ஆனால் சுவரில் செருகும் பிளக் இரண்டு பின். மைக்கின் மிக்சர் ஹாலில் வேறு பாயின்ட்டில்.

பெரம்பூர் ரேடியோ:

நினைத்தேன். மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். எர்த் இல்லாமல் மிதக்கிற ஆம்பின் உடம்பில் ஃபில்டர் கண்டென்சர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசிந்து நிற்கும், அதுதான் சுள். அதோடு போனால் பரவாயில்லை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் விட்டுப்போனால் சுள்ளோடு நிற்காது. பாக்சைத் தூக்கிப் போடு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவர் பாயின்ட்டிலேயே எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். நீ டெஸ்டரை வைத்துக்கொண்டு நோண்டாதே.

அது முடிந்த பிறகு கிட்டார். மல்டிமீட்டர் இருந்தால் பிக்அப்பையும் திறக்காமலே பார்த்துவிடலாம். கேபிளை கிட்டாரில் மட்டும் செருகு, மறுமுனை ஆம்பில் வேண்டாம். அந்தப் பிளக்கின் நுனியிலும் உடம்பிலும் மீட்டர் வை, வால்யூம் முழுக்க. பிக்அப் மாற்றும் ஸ்விட்ச் ஓரத்தில் இருக்கும்போது 6 கிலோ ஓம் பக்கம் காட்டினால் அந்தக் காயில் நன்றாக இருக்கிறது. இரண்டாவது, நான்காவது நிலையில் இரண்டு காயில் சேர்வதால் பாதிதான் காட்டும், பயப்படாதே. 250 கிலோ ஓம் பக்கம் ஓடினால் காயில் அறுந்துவிட்டது, மீட்டர் வால்யூம் கண்ட்ரோலை மட்டும்தான் பார்க்கிறது.

எண்ணூர் ஸ்லைடு:

பெரியவர் சொன்னது சரி, என் ஹம்பக்கர் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பொரிகிற சத்தத்துக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருகினால் போதும். பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். அதற்கும் கேட்காவிட்டால் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் புது வால்யூம் கண்ட்ரோல், 250 கே (கிலோ ஓம்), ஏ என்று போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். நான் பார்க்காமல் பி வாங்கி மாட்டினேன். பத்திலிருந்து மூன்று வரை சத்தம் குறைகிற மாதிரியே இல்லை, அதற்குக் கீழே பொத்தென்று விழுந்தது.

காசிமேடு கிட்டார்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

எலக்ட்ரீஷியன் சுவர் பாயின்ட்டைக் கழற்றினார். எர்த் ஸ்குரூவில் ஒயரே இல்லை. மீட்டர் பெட்டி வரை எர்த் வந்திருக்கிறது, அங்கிருந்து என் அறைக்கு யாரும் இழுக்கவில்லை. ஹவுஸ் ஓனர், “இத்தனை வருஷமா யாரும் கேட்கலையே” என்றார். ஒயர் காசு என்னுடையது, கூலி அவருடையது என்று முடிந்தது. இப்போது மைக்கில் சுள் இல்லை.

பிறகு முதுகு மூடியைத் திறந்தேன். நகத்தின் மேல் பாசி மாதிரி பச்சை. ஒயர் பார்க்க ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மீட்டரில் ஓரத்துப் பிக்அப்புகள் 5.9, 6.2, நடுவில் இருப்பது 6.0. மூன்றும் போச்சாம்!

ஆனால் ஒட்ட முடியவில்லை ஐயா. 25 வாட் சோல்டரிங் அயர்னில் ஈயம் உருண்டையாக நிற்கிறது, ஆறியதும் மிளகு மாதிரி உருண்டு விழுகிறது.

பெரம்பூர் ரேடியோ:

25 வாட்டைப் பார்த்து அந்த இரும்பு சிரிக்கும். எவ்வளவு சூடு கொடுத்தாலும் குடித்துவிடும். 60 வாட் கேட்டு வாங்கு. உப்புத்தாளால் பச்சையெல்லாம் போய் வெள்ளையாக மின்னும்வரை தேய், கொஞ்சம் சோல்டரிங் பேஸ்ட் வை. அயர்ன் நுனியை இரும்பில் அழுத்திப் பிடித்து, ஈயத்தை இரும்பில் வை, அயர்னில் வைக்காதே. இரும்பு சுட்டால் ஈயம் தண்ணீர் மாதிரி தானாகப் படரும். ஒயர் நுனிக்கும் முன்கூட்டியே ஈயம் பூசி வை. ஒட்டிய பிறகு ஆறும்வரை ஆட்டாதே, ஊதாதே. ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு பழைய துணி போடு, ஈயம் மரத்தில் சிந்தும்.

கண்ட்ரோலின் முதுகில் இதே அயர்னை வைத்தால் இரண்டு மூன்று செகண்டுக்கு மேல் நிற்காதே, உள்ளே இருக்கும் கார்பன் கருகிவிடும்.

காசிமேடு கிட்டார்:

நின்றுவிட்டது ஐயா! ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இரண்டு பாட்டுக்கு நடுவே கம்பியில் கை வைத்தேன், சத்தமே இல்லை. பாஸ்டர் திரும்பி, ஆம்பை அணைத்துவிட்டேனோ என்று பார்த்தார். வால்யூமும் கிளீனருக்கு அடங்கிவிட்டது.

கையை எடுத்தால் மட்டும் லேசாக உறுமுகிறது, டியூப்லைட் பக்கம் திரும்பினால் கூடுகிறது. அது சிங்கிள் காயிலின் குணம்தானே?

பெரம்பூர் ரேடியோ:

அதேதான். நீ திரும்பும்போது கூடிக் குறைந்தால் வெளியிலிருந்து பிடிக்கிறது என்று அர்த்தம், உள்ளே குற்றம் இல்லை. ஸ்விட்சை இரண்டிலோ நான்கிலோ வைத்துப் பார், நடுக் காயிலை எதிர்ச்சுற்றாகப் போட்டிருந்தால் அங்கே அமைதியாக இருக்கும்.

அந்த நகத்தில் ஈயத்தின் மேல் கொஞ்சம் நெயில் பாலிஷ் தடவி வை. வீட்டில் யாரிடமாவது கேள், கொடுப்பார்கள்.