ஏஜென்சி பேரோலில் ஐடி வேலை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரியில் எம்சிஏ முடித்த என் தங்கைக்கு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை வந்திருக்கிறது. ஆனால் ஆஃபர் லெட்டர் தருவது அந்த கம்பெனி இல்லை, நடுவில் இருக்கும் ஒரு ஸ்டாஃபிங் ஏஜென்சி. சம்பளம், பிஎஃப் எல்லாம் அவர்கள் மூலம்தான். கம்பெனிக்கு மாதாமாதம் பில் போட்டு, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். சரி, அது பரவாயில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் டிகிரி வரை ஒரிஜினலை ஒரு வருடத்துக்கு ஒப்படைக்கச் சொல்வதுதான் உறுத்துகிறது. ஆள் பிடித்துக் கொடுக்க கம்பெனியே காசு தரும்போது, பிள்ளையின் படிப்பை ஏன் அடகு கேட்க வேண்டும்?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறவர்களில் இப்படிச் சேர்ந்து, அப்புறம் கம்பெனியிலேயே நிரந்தரமானவர்கள் உண்டா? புராஜெக்ட் முடிந்தால் ஏஜென்சி வேறு இடம் தருமா, வீட்டுக்கு அனுப்பிவிடுமா? ஒரிஜினல் தர மறுத்தும் வேலை கிடைத்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்.