வயல் கூலி வேறுபாடு: மகஜர் தயாரிக்க உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த நாட்கூலி கொடுக்கும் வழக்கத்தை மாற்றுமாறு கோரி, எங்கள் மாதர் சங்கத்தின் சார்பில் பிரதேச விவசாயக் குழுவுக்கு ஒரு மகஜர் தயாரித்து வருகிறேன். வேலை வேறு, அதனால் கூலியும் வேறு என்கிறார்கள்; ஆனால் வயல் வேலையை மேற்பார்வை செய்யும் முல்லைக்காரரின் கொப்பியிலோ, ஒரே நாளில் ஒரே வரவையில் (வயல் துண்டில்) களை பிடுங்கிய இருவருக்கு இரண்டு தொகைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் கோரும் சர்வதேச தொழில் தாபனத்தின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது; அரசியலமைப்பின் 12(4) உறுப்புரையும் பெண்களின் முன்னேற்றத்துக்கான விசேட ஏற்பாடுகளுக்கு இடமளிக்கிறது. அந்த வழியில் வந்த 25 சதவீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் பெண்களை உள்ளூராட்சிச் சபைகளுக்குக் கொண்டுசென்றது. (வயல் வரம்புக்கு மட்டும் அந்தச் சமத்துவம் இன்னும் வந்து சேரவில்லை.)

2016ஆம் ஆண்டின் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டத்தை நாட்கூலி வயல் வேலைக்கு எவ்வாறு பிரயோகிக்கலாம் என்பதைத் தொழிற்சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். திருக்கோவில், அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்கள், கடந்த பெரும்போகத்தில் களை பிடுங்கலுக்கும் அறுவடைக்கும் இருபாலாருக்கும் கொடுபட்ட கூலியைத் தனித்தனியே குறிப்பிட்டு எனக்கு உட்பெட்டியில் அனுப்புங்கள். வயல் சொந்தக்காரர்களான போடியார்களின் பெயர்கள் வேண்டியதில்லை.