க்ளைமேட் ஊர்வலம், காப் (ஐ.நா.வோட வருஷாந்திர க்ளைமேட்) மாநாடுன்னு போனவங்க இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

நத்தைக்குட்டி:
2015 நவம்பர் 29, பாரிஸ். அங்க தீவிரவாதத் தாக்குதல் நடந்து ரெண்டு வாரம்தான், ஊர்வலத்துக்குத் தடை, அதான் ஆவாஸ்னு ஒரு பிரச்சார அமைப்புக்காரங்க ரெபுப்ளிக் சதுக்கத்துல ஆளுக்குப் பதிலா ஷூ வைக்கச் சொன்னது, போப் கூட ஒரு ஜோடி அனுப்பினாரே, அதேதான். என் பக்கத்துல ஒரு பாட்டி சின்னக் குழந்தையோட மழை பூட்ஸ் வெச்சாங்க. நாலு அடி போய்ட்டு திரும்பி வந்து, அத எடுத்து உள்ள கைய விட்டுப் பாத்துட்டு மறுபடி வெச்சாங்க. அங்கயே சிலைக்கடியில செத்தவங்களுக்கு மெழுகுவத்தி எரியுது. அந்த பூட்ஸ் எதுக்காக வெச்சதுன்னு நான் கேக்கல. இன்னும் உறுத்துது.

குரோம்பேட்டை குமார்:
நான் நியூயார்க், 2014 செப்டம்பர் 21. மூணு லட்சம் பேருக்கு மேலன்னாங்க. 12:58க்கு எல்லாரும் கைய தூக்கி அப்படியே அமைதி, அந்த ஊர்ல அப்படி ஒரு அமைதிய நான் கேட்டதே இல்ல, அதுல என் போன் அடிக்குது பாருங்க. அம்மா. ஊர்ல ராத்திரி பத்தரை, தூங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பேசுவாங்க. கட் பண்ணிட்டேன். ஒரு மணிக்கு பின்னாலேர்ந்து சத்தம் அலை மாதிரி வந்துச்சு, எனக்கு எதுவும் ஏறல.

தென்னங்கீத்து:
@நத்தைக்குட்டி தப்பா எடுத்துக்காதீங்க, ஷூ வெச்சு என்னங்க ஆச்சு? பாரிஸ் ஒப்பந்தத்துல பூமி சூடு 1.5 டிகிரிக்கு மேல ஏறாம பாக்க முயற்சி பண்ணணும்னு வந்ததுக்குக் காரணம் தீவு நாடுங்க பல வருஷமா விடாம கத்துனது. மாநாட்டோட கடைசி நாள் மார்ஷல் தீவு மந்திரி டோனி டி ப்ரம் தன் நாடுகள் கூட்டணி ஆளுங்க எல்லாருக்கும் தென்னோலை குத்திவிட்டார், அமெரிக்காக்காரர் கோட்டுல ஓலை! லைவ்ல பாத்துட்டு ஆபீஸ்னு கூட பாக்காம கை தட்டிட்டேன். அவ்ளோதான் என் அனுபவம்.

பழைய டைரி:
கிளாஸ்கோ காப் மாநாட்டுல 2021ல இருந்தேன், க்யூவுலயே பாதி நாள் போச்சு. இனிமே போறவங்களுக்கு: பேச்சுவார்த்தை நடக்கற ப்ளூ ஸோனுக்குள்ள போற பேட்ஜ் தனியா அப்ளை பண்ணா கிடைக்காது, அப்சர்வர் (பார்வையாளர்) அந்தஸ்து இருக்கற அமைப்பு உங்க பேர அனுப்பணும், அதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே பேசி வைங்க. ரெண்டாவது வாரம்தான் மந்திரிங்க வருவாங்க, ஆனா முதல் வாரம் ரூமுக்குள்ள உக்கார இடம் கிடைக்கும். தண்ணி பாட்டில், சார்ஜர், ரெண்டு பன் கண்டிப்பா. கேன்ங்கற க்ளைமேட் அமைப்புகளோட கூட்டமைப்பு, பேச்சுவார்த்தைய கெடுக்கற நாட்டுக்குக் கிண்டலா குடுக்கற 'ஃபாசில் ஆஃப் த டே' பரிச மிஸ் பண்ணாதீங்க, அந்த வருஷம் பெரிய பரிசு ஆஸ்திரேலியாவுக்கு. ஷூ நல்லதா போடுங்க.

தென்னங்கீத்து:
யாருங்க இங்க டிப்ஸ் கேட்டது 😀

நத்தைக்குட்டி:
@தென்னங்கீத்து ஷூவால ஒப்பந்தம் வந்துச்சுன்னு நான் எங்க சொன்னேன்? நான் பூட்ஸ பத்திதான் சொன்னேன். மஞ்சள் கலர். @குமார் அம்மாவுக்குத் திருப்பி போட்டீங்களா?

குரோம்பேட்டை குமார்:
போட்டேன். "என்னடா அங்க இவ்ளோ சத்தம், கல்யாணமா?"ன்னாங்க.